உள்பக்கத்து பேட்

காரின் முன் வீலைக் கழற்றியதும் ஒரு நிம்மதி. வெளிப்பக்க பிரேக் பேட் நன்றாகத்தான் இருந்தது.

உள்பக்க பேடை உருவிப் பார்த்தால் கிட்டத்தட்ட வெறும் இரும்புத் தகடு. ஒரு ஓரத்தில் மட்டும் நகத்தின் கனத்துக்குக் கொஞ்சம் மிச்சம்.

இரண்டு பேடையும் பிடித்திருக்கும் காலிப்பர் ஒன்றே, அவை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க்கும் ஒன்றே. ஒன்று தேயவில்லை, ஒன்று காலி!

காலிப்பர் நகரும் ஸ்லைடு பின் துருவேறி இறுகியிருந்தது. பிரேக்கை மிதித்தால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் தள்ளுவது உள் பேடை. காலிப்பர் நகர்ந்தால்தான் வெளி பேடும் டிஸ்க்கைப் பிடிக்கும். அது நகரவில்லை என்றால் உள்ளே இருப்பது ஒன்றே மொத்த வேலையும் செய்து தேயும்.

வீல் இடுக்கில் எட்டிப் பார்த்து "பேட் இருக்கு சார்" என்பவர்கள் பெரும்பாலும் வெளிப்பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

பொதுவாக பேடின் தேயும் பகுதி 3 மி.மீ. கனத்துக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். கீச்சென்ற சத்தம் பல வண்டிகளில் எச்சரிக்கைத் தகடு உரசுவது. கரகரவென்று அரைத்தால் டிஸ்க்கும் சேர்ந்து போகிறது.

வீட்டிலேயே மாற்றுகிறவர்களுக்கு: ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். காலிப்பரை அதன் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். ஸ்லைடு பின்னை சுத்தம் செய்து அதற்கான கிரீஸ் போடாமல் புது பேட் மாட்டினால் வீண்செலவு. இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

புது பேடுக்கு இடம் விட பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பெடல் அடிவரை போகும். கெட்டியாகும் வரை மிதியுங்கள், அப்புறம் கியர் போடுங்கள்.