கல்யாண வேலைக்கு லைட்ரூமா, கேப்சர் ஒன்னா?

லைட்ரூம், கேப்சர் ஒன் என்ற இரண்டு படத்திருத்த மென்பொருள்களில் எது நல்லது என்ற பேச்சு ஸ்டூடியோக்களில் வந்தாலே, திருத்த அளவை ஏற்றி இறக்கும் ஸ்லைடர்களில்தான் போய் நிற்கும். எக்ஸ்போஷர், ஷேடோ, நாய்ஸ் எல்லாம் இன்று எந்த மென்பொருளிலும் போதுமான அளவுக்கு நன்றாகவே இருக்கின்றன. அவற்றை வைத்து முடிவெடுப்பதைவிட, நம் வேலை எந்த இடத்தில் சிக்குகிறது என்று பார்ப்பது நல்லது. கல்யாண ஆல்பத்தில் அது முதலில் தோல் நிறத்தில் சிக்கும்.

மேக்கப் போட்ட முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் வேறு நிறம். கேப்சர் ஒன்னில் கலர் எடிட்டரின் ‘ஸ்கின் டோன்’ பகுதியில் நல்ல தோலை ஒருமுறை தொட்டு, யூனிஃபார்மிட்டியில் (நிறத்தைச் சீராக்கும் இடம்) ஹ்யூவை, அதாவது நிறச் சாயலை, மட்டும் ஏற்றினால் இந்த வேறுபாடு பெருமளவு அடங்கும். நிற வீச்சை அகலமாக வைத்துவிட்டால் நலங்கு மஞ்சளும் சந்தனமும் உதடும்கூடத் தோல் நிறத்துக்கே இழுபடும். அதனால் தனி லேயரில், திருத்தம் படவேண்டிய இடத்தை மட்டும் வரையறுக்கும் மாஸ்க் போட்டுச் செய்வதே பாதுகாப்பு. லைட்ரூமில் முகத்தோலையும் உடல்தோலையும் தனித்தனி மாஸ்க்காகத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் அதே திருத்தத்தை நூற்றுக்கணக்கான படங்களுக்கு சிங்க் செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் மாஸ்க்கைப் புதிதாகக் கணக்கிடும்; கம்ப்யூட்டர் பழையதென்றால் பொறுமை வேண்டும். ரிசப்ஷன் மேடையின் நீல எல்.இ.டி. வெறும் திட்டாகத் தெரிந்தால், லைட்ரூமின் கேலிபிரேஷனில் புளூ பிரைமரி சாச்சுரேஷனைக் குறைத்துப் பாருங்கள். கேமரா சென்சாரிலேயே நீலம் உச்ச அளவில் முட்டிப்போயிருந்தால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அடுத்தது, செய்த திருத்தங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பது. லைட்ரூமின் ஒரு பதிப்பான லைட்ரூம் கிளாசிக் எல்லாவற்றையும் கேட்டலாக் என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. அதை நெட்வொர்க் டிரைவில் வைத்துத் திறக்க முடியாது. திருத்தங்களைப் படத்தோடு வைக்கும் குறிப்பான எக்ஸ்.எம்.பி.யில் தானாக எழுதும் வசதியை நாமாகத்தான் இயக்க வேண்டும், அப்போதும் விர்ச்சுவல் காப்பிகள் (ஒரே படத்தின் மாற்றுத் திருத்தங்கள்) அதில் சேராது. கேப்சர் ஒன்னின் செஷன் முறையில் திருத்தங்கள் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே இருப்பதால், ஃபோல்டரைக் காப்பி செய்து இன்னொரு எடிட்டரிடம் கொடுத்துவிடலாம். இரண்டு பேர் வேலை பார்க்கும் இடத்தில் இது பெரிய வசதி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ஸ்டார் ரேட்டிங்கும் கீவேர்டும் வரும், மாஸ்க்குகளும் நுணுக்கமான நிறத் திருத்தங்களும் வராது. பழைய கல்யாணங்களைப் பழைய மென்பொருளிலேயே முடித்துவிடுவது உத்தமம்.

சந்தா நின்றால் என்ன ஆகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். லைட்ரூம் கிளாசிக்கில் டெவலப் பகுதி மூடிக்கொள்ளும். படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட்டும் செய்யலாம்.

ஆல்பம் டிசைனரிடம் போனால் அங்கே ஃபோட்டோஷாப்தான். 12×36 அங்குலத் தாள் 300 டி.பி.ஐ.யில் 10800×3600 பிக்சல். 8 பிட்டில் ஒரு முழு லேயரே 110 எம்.பி.யைத் தாண்டும். டெம்ப்ளேட்டுகள் எல்லாம் ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வகையான பி.எஸ்.டி.யாகவே கிடைக்கின்றன. அஃபினிட்டி, ஜிம்ப் என்ற வேறு மென்பொருள்களிலும் திறக்கலாம்தான். ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (படத்தை உள்ளே மாற்றிவைக்கக்கூடிய லேயர்) நிறைந்த டெம்ப்ளேட்டைத் திருத்தி மறுபடி பி.எஸ்.டி.யாக எழுதினால் டிசைனர் கைக்குப் போவது வேறொரு கோப்பு. ஒரு விஷயத்தில் மட்டும் இலவச ஜிம்ப்பைப் பாராட்ட வேண்டும்: யூனிகோடு தமிழை எந்த அமைப்பையும் தொடாமலே சரியாக எழுதும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மணமகள் பெயரில் கொம்பு இடம் மாறி நிற்கும்.

பிரிண்ட் லேபுக்குப் போகும் ஜேபெக்கை, லேப் வேறு கேட்காதவரை, எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுவான நிற வரம்பில் கொடுங்கள். அதைவிட அகன்ற அடோபி ஆர்.ஜி.பி.யில் போன கோப்பின் புரொஃபைலை (நிற வரம்பைச் சொல்லும் குறிப்பை) மெஷின் கவனிக்காவிட்டால் அரக்குப் பட்டு மங்கி வரும். அந்தக் குற்றம் மென்பொருள் தலையில் விழுவது வழக்கம்.

கல்யாண வேலை மட்டுமே என்றால், டிசைனரோடு ஒத்துப்போவதற்காகவே லைட்ரூமும் ஃபோட்டோஷாப்பும் என்பது என் கட்சி. நகைக்கடை, ஜவுளிக்கடை கேட்டலாக் எடுப்பவர்கள் கேமராவைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து எடுப்பதால் கேப்சர் ஒன்னுக்குப் போகலாம். இரண்டுக்கும் சோதனைப் பதிப்பு உண்டு. உங்கள் படங்களில் மோசமான நாற்பதை எடுத்துக்கொண்டு, கேமரா தரும் ரா ஃபைலிலிருந்து ஒரு ஆல்பம் தாள் வரை இரண்டிலும் கொண்டுபோங்கள். ஆன நேரத்தைக் குறித்துவையுங்கள். பிரிண்டைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்து, சேலைக்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள்.