ஊரை இழந்த கழகம்: லாஹ்தி ரெய்பாஸ்

பின்லாந்துக் கால்பந்தின் கீழ்நிலை லீக்குகளைப் புரட்டும்போது கண்ணில் படும் ரெய்பாஸ் என்ற பெயர், இன்று லாஹ்தி நகரத்துக்கு உரியது என்றாலும், பிறந்தது அங்கே அல்ல. பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த 1891-இல், கிழக்குப் பகுதியான கரேலியாவின் வீபுரி நகரில் அது தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் வீபுரி சோவியத் ஒன்றியத்தின் வசம் போனபோது, கரேலியாவை விட்டு வெளியேறிய 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் போலவே இக்கழகமும் இடம்பெயர்ந்து லாஹ்தியில் வேரூன்றியது. மைதானமும் ரசிகர் கூட்டமும் எல்லைக்கு அப்பால் போய்விட்ட பிறகும் பெயரை மட்டும் விடாமல் சுமந்து வந்த அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

புது ஊரில்தான் அதற்குப் பொற்காலம் வாய்த்தது. 1963, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம். 1972 முதல் 1976 வரை தொடர்ந்து ஐந்து முறை பின்லாந்துக் கோப்பை. பின்னாளில் நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியுடன் 1995-இல் சாம்பியன்ஸ் லீக் வென்ற பின்லாந்து வீரர் யாரி லித்மனென், தம் தந்தை ஒலாவி ஆடிய இதே ரெய்பாஸில்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்.

இதற்கிடையே, 1986-இல் ஐரோப்பியக் கோப்பையின் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடி) காலிறுதி வரை சென்ற கூசுசி என்ற கழகம், அதே நகரில் ரெய்பாஸை முந்திவிட்டது. 1996-இல் இரண்டும் சேர்ந்து எஃப்.சி. லாஹ்தி உருவானது, சிறு நகரத்துக்கு அது நியாயமான கணக்குதான். ஆயினும் ரெய்பாஸ் பெயர் அதோடு மறையவில்லை. பிற்காலத்தில் கீழ்நிலை லீக்குகளில் மீண்டும் களமிறங்கியது.