ஆடிக் காற்றுக்கு முன் மாடியில் நாற்று

பல்லடத்துக்குத் தெற்கே ஒருவருடைய தோட்டத்தில், போர் தண்ணீரும் சொட்டுநீர்க் குழாயும் பொதுவாக இருக்க, சில குடும்பங்கள் ஆளுக்கு ஐந்து செண்ட் என்று பிரித்துக்கொண்டு குத்தகைக்குக் காய்கறி வெள்ளாமை செய்து வருகிறோம். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் வரப்பைத் தாண்டக் கூடாது என்பது எங்களுக்குள் வைத்துக்கொண்ட நிபந்தனை. வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி ஆகியவற்றை நேராக மண்ணில் ஊன்றிவிடலாம் என்பதால் அவற்றில் சிக்கல் இல்லை; தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் நாற்று வேண்டும். கொங்கு நாட்டில் நாற்றுப் பண்ணைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் கிடைப்பவை மருந்துப் பூச்சு ஏறிய வீரிய ஒட்டு விதைகளில் முளைத்தவை. அதனால் சூலூரில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே நாற்று விடத் தொடங்கினேன்.

முதலில் கணக்கைப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு செண்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். தக்காளியை 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் ஒரு செண்டுக்கு 150 செடி பிடிக்கும். கத்தரிக்கு இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் விட்டால் 110 போதும். 98 குழி கொண்ட நாற்றுத் தட்டு இரண்டில் ஒரு செண்ட் தக்காளிக்கு வேண்டிய நாற்றும், முளைக்காமல் சாவியாகப் போவதற்கு ஈடான மிச்சமும் கிடைத்துவிடும். ஒரு கிராம் தக்காளி விதையில் 300 விதைக்குக் குறையாமல் இருக்கும் என்பதால் விதைச் செலவு ஒரு பொருட்டே அல்ல. பி.கே.எம். 1 தக்காளி, கோ 2 கத்தரி போன்ற வேளாண் பல்கலைக்கழக ரகங்களையும், தோட்டத்துக்காரர் வீட்டில் சாம்பல் கலந்து எடுத்து வைத்த நாட்டு வரிக் கத்தரியையும் நான் விரும்புவதற்குக் காரணம், அவற்றிலிருந்து அடுத்த பட்டத்துக்கு நாமே விதை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான்.

குழித்தட்டை நிரப்பும் கலவையில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் கயிற்றாலைகள் நிறைந்திருப்பதால் தென்னை நார்க்கழிவுக் கட்டி எங்கும் கிடைக்கிறது. 5 கிலோக் கட்டியை நனைத்தால் சுமார் 70 லிட்டர் அளவுக்கு உப்பி வரும். ஆனால் அதை அப்படியே தட்டில் போடக் கூடாது. நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிய வேண்டும். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும்; தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாமல் அலச வேண்டும். உப்பைக் காட்டிலும் பெரிய சிக்கல், மக்காத நார்க்கழிவில் தழைச்சத்துக்கு ஏறத்தாழ நூறு மடங்குக்கும் மேலாகக் கரிமம் இருப்பதாகும். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் கலவையில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால், முளைத்த நாற்று இரண்டாம் இலையிலேயே வெளிறி நின்றுவிடுகிறது. அதனால் மக்க வைத்த நார்க்கழிவையே வாங்குகிறேன். அதில் இரண்டு பங்குக்குச் சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, பொடித்த வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி, நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி, தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைக்கச் செய்யும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்களைச் சிறிதளவு கலந்து, ஈரச் சாக்கு மூடி ஒரு வாரம் நிழலில் வைப்பேன். உயிர் உரப் பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குவது முக்கியம்; வெயில் படும் கடையலமாரியில் கிடந்த பொட்டலத்தில் உயிர் மிஞ்சியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. எங்கள் பக்கத்துச் செம்மண்ணைச் சேர்க்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். சிறிய குழியில் செம்மண் இறுகிவிடும்; நாற்றைப் பிடுங்கும்போது வேர்க்கட்டி உடைந்துவிடும்.

விதை நேர்த்தி எளிய வேலை. ஆறிய அரிசிக் கஞ்சியில் நோயைத் தடுக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாப் பொடியைச் சிறிது குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தினால் போதும். குழிக்கு ஒரு விதை வைத்து, மேலே கலவையைத் தூவி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஈரச் சாக்கால் மூடி, படிக்கட்டுக்கு அடியில் வைக்கிறேன். தக்காளி ஐந்தாறு நாளில் தலைகாட்டும், கத்தரி சற்றுப் பின்னால் வரும், மிளகாய் பத்து நாளைக்கு மேலும் இழுக்கும். எனவே மூன்றையும் ஒரே அடுக்கில் வைக்கக் கூடாது. முளை வளைந்து எட்டிப் பார்க்கும் அன்றே தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவராவிட்டால் தண்டு வெளிறி நெடுநெடுவென ஓடிவிடும்; அப்படி ஓடிய நாற்றை எந்தக் கரைசலும் திருத்தாது.

இதற்குப் பிறகு எல்லாமே தண்ணீர்தான். இயற்கை முறையில் நாற்று விடுகிறவர்கள் எதைத் தெளிக்கலாம் என்பதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எப்போது தண்ணீர் விடக் கூடாது என்பதை யாரும் பேசுவதில்லை. நாற்றழுகலுக்குக் காரணமான பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிருக்கு வேண்டியதெல்லாம் நெருக்கமும் இடைவிடாத ஈரமும்தான். மாலை நன்றாக நின்ற நாற்று, காலையில் மண்ணை ஒட்டிய இடத்தில் நூல்போல் இளைத்துச் சாய்ந்து கிடக்கும். தோட்டத்துக்காரர் ஒருமுறை ஏதோ வேலையாகச் சூலூர் வந்தவர், மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்றும் அளவுகோல்: “மேல காஞ்சிருக்குதான்னு பாத்துத் தண்ணி ஊத்தாதீங்க அம்மிணி. தட்டைத் தூக்கிப் பாருங்க. வெயிட்டு இருந்துச்சுன்னா அப்படியே வெச்சுப்போட்டுப் போயிருங்க.” இரு கையாலும் தட்டின் ஓரத்தைச் சற்றே தூக்கினால் போதும், சில நாளில் கைக்கே கணக்குப் பிடிபட்டுவிடுகிறது. காலையில் மட்டும், பூவாளியில், இலை மாலைக்குள் உலர்ந்துவிடும்படி ஊற்றுகிறேன். எங்கள் போர் தண்ணீர் சப்பையும் உப்புமாக இருப்பதால் அதை நாற்றுக்குத் தொடுவதில்லை; குடிநீர்க் குழாயில் பிடித்த தண்ணீரை, குளோரின் ஆவியாகட்டும் என்று ஓர் இரவு திறந்த டிரம்மில் வைத்துப் பயன்படுத்துகிறேன்.

தண்ணீருக்கு அடுத்தது காற்று. ஆடிப்பட்டத்துக்கு நாற்று வேண்டுமென்றால் ஆனியில் விதைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து அடிப்பதும் அப்போதுதான். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதிலிருந்தே அந்தக் காற்றின் வேகத்தை ஊகிக்கலாம். மாடியில் மேற்கு ஓரத்துக் குழிகள் நண்பகலுக்குள் காய்ந்து, கலவை ஓரம் விட்டுச் சுருங்கிப் பிளவு தெரியும். அதே தட்டின் கிழக்குக் குழிகள் ஈரமாகவே இருக்கும். தட்டு முழுவதற்கும் தண்ணீர் விட்டால் கிழக்கு அழுகும், விடாவிட்டால் மேற்கு வாடும். இதற்குத் தட்டுகளை நாள்தோறும் திருப்பி வைப்பதும், கைப்பிடிச் சுவரின் மேல் மேற்குப் பக்கம் நிழல்வலையை இழுத்துக் கட்டுவதும்தான் வழி. தட்டுகளைத் தரையில் வைக்காமல் செங்கல்லின் மேல் சட்டம் போட்டு வைக்கிறேன். அடித்துளை வழியாக வெளியே வரும் வேர்நுனி காற்றுப்பட்டு நின்றுவிடுவதால், குழிக்குள்ளேயே பக்க வேர் நிறைந்துவிடுகிறது.

வெள்ளை ஈயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் நாற்றிலேயே ஏறிவிட்டால் தோட்டத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கொசுவலையின் கண் அதற்குப் பெரியது. 40 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 40 கண் உள்ள நைலான் வலை வேண்டும். வலை கிடைக்காத பட்டத்தில் பழைய நைந்த வேட்டித் துணியே எனக்குக் கைகொடுத்தது.

ஊட்டத்துக்கு, கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தைத்தான் தெளிக்கிறேன். வயலுக்கு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி என்பது வழக்கம். இளம் நாற்றுக்கு அதில் பாதியே போதும் என்பது என் முடிவு. நன்றாக வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். வாடை பற்றி அண்டை வீட்டாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நிழலைக் குறைத்து, தண்ணீரையும் குறைத்து, நாற்றின் தலையை உள்ளங்கையால் காலை மாலை மெல்லத் தடவிவிடுவேன். அசைவு பட்ட தண்டு குட்டையாகவும் பருமனாகவும் தேறுகிறது. தோட்டத்தில் இதற்கு இணையாக ஒரு வேலை நடந்திருக்க வேண்டும்: மாடியில் விதை போடும் அன்றே ஐந்து செண்டின் மேற்கு ஓரத்தில் இரண்டு மூன்று வரிசை சோளம் நெருக்கி விதைத்துவிட்டால், தக்காளி நாற்று 25 நாளில் போய்ச் சேரும்போது காற்றைத் தாங்க முழங்காலுக்கு மேல் வேலி நிற்கும், வெள்ளை ஈயின் வரத்தும் குறையும். கத்தரிக்கு இன்னும் ஒரு வாரம், மிளகாய்க்கு 40 நாள்வரை ஆகும் என்பதால் அவை தோட்டத்துக்குப் போவதற்குள் சோளம் இடுப்பளவு வந்துவிடும்.

நடவுக்கு வெயில் சாய்ந்த நேரமே ஏற்றது. தட்டை முந்தைய நாளே நனைத்துவிட்டால் குழியின் அடியை அமுக்கியதும் வேர்க்கட்டி முழுதாகக் கழன்று வரும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். ஒரு வாரம் கழித்து, நாற்று பட்டுப்போன இடங்களில் மிச்ச நாற்றை வைத்து நிரப்பிவிட்டு, அதற்கும் மீந்ததைப் பக்கத்து ஐந்து செண்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். காலித் தட்டுகளைக் கழுவி வெயிலில் உலர்த்தி எடுத்து வைத்தால், புரட்டாசிப் பட்டத்துக்கும் அவையே போதும்.