டாரன்டுலாவுக்கு மண் பிசைந்த ஐந்து மாதங்கள்

அக்டோபரில் வீட்டு ஹீட்டரைப் போட்ட நான்காம் நாள், என் கோபால்ட் புளூ சிலந்தியின் வளை சரிந்துவிட்டது. ஒரு மாதமாக அது தோண்டிய வளை. காலையில் பார்த்தபோது வாசல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். சிலந்தியோ பெட்டிச் சுவரில் எட்டுக் கால்களையும் விரித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் வாழப் பிறந்த உயிர் மண்ணில் கால் வைக்காமல் நிற்பதைக் காணப் பொறுக்கவில்லை. பெட்டிக்குள் எந்த மண்ணைப் போடுவது என்று முறையாகச் செய்து பார்க்கத் தொடங்கியது அன்றுதான்.

நான் இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில். என்னிடம் மூன்று டாரன்டுலாக்கள், அதாவது உடலெங்கும் முடியுள்ள பெரிய சிலந்திகள், இருக்கின்றன. கோபால்ட் புளூ மியான்மர், தாய்லாந்து காடுகளைச் சேர்ந்தது. ஆழமாக வளை தோண்டி, பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். சுருள்முடி டாரன்டுலா ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா பகுதிகளில் வாழ்வது. தரையில் திரியும், மனம் வந்தால் தோண்டும். மூன்றாவது கிரீன் பாட்டில் புளூ, வெனிசுவேலாவின் பரகுவானா தீபகற்பத்து வறண்ட நிலத்துக்காரி. இந்த மூன்றுக்கும் ஒரே மண்ணைப் போட்டிருந்தேன். முதல் தவறு அதுதான்.

அந்த ஒரே மண் தென்னை நார்த்தூள். இங்கே செல்லப்பிராணிக் கடைகளில் செங்கல் வடிவில் அழுத்தி விற்கிறார்கள். 650 கிராம் கட்டியை நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் எட்டு லிட்டருக்குக் குறையாமல் பொங்கி வரும். என் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். நார் மில்களுக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடந்த அந்தப் பழுப்புத் தூளை, கழிவு என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே அதே வாசனையை ஒரு வாளிக்குள் முகர்ந்தபோது ஏற்பட்ட பாசத்தில் அதன் குறைகளைப் பார்க்கத் தவறினேன் என்றே நினைக்கிறேன். நார்த்தூளில் லிக்னின் என்ற, மரத்துக்கு உறுதி தரும் பொருள் அதிகம், அதனால் எளிதில் மக்காது. இது பெரிய நன்மை. ஆனால் அது பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடிக்குமே தவிர உருவத்தைப் பிடிக்காது. ஈரமாக இருக்கும்வரை வளை நிற்கும். ஹீட்டர் காற்றில் காய்ந்தால் சுருங்கும், உதிரும்.

வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். பழைய வளர்ப்பு முறைகளில் வெர்மிகுலைட்டை, அதாவது சூட்டில் பொரிந்த கனிமத் துகளை, பரிந்துரைத்தார்கள். காற்றுபோல லேசாக இருக்கிறது, வளை நிற்காது. மரச்சீவல், அதிலும் தேவதாரு வகைச் சீவல், வேண்டவே வேண்டாம். அதன் நறுமண எண்ணெய்கள் சிலந்திக்கு ஆகாதவை. பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண் நல்ல பொருள்தான். ஆனால் சதுப்பு நிலத்தில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். ஒரு சாண் மண்ணுக்காக 200 ஆண்டுச் சேமிப்பை வெட்டி எடுக்க எனக்கு மனமில்லை. மிஞ்சியது மேல்மண். தோட்டக் கடையில் மூட்டையாகக் கிடைப்பது, உரமோ பூச்சிமருந்தோ சேராதது. மூட்டையில் எழுதியிருப்பதை முழுக்கப் படித்துத்தான் வாங்கினேன். தொட்டிச் செடிகளுக்கான கலவைகளில் பெரும்பாலும் உரம் கலந்திருக்கும்.

நான்கு ஜாம் பாட்டில்களை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் நார்த்தூள் மட்டும். இரண்டாவதில் மேல்மண் மட்டும். மூன்றாவதில் மேல்மண் ஐந்து பங்கு, நார்த்தூள் மூன்று பங்கு, கழுவிய மணல் இரண்டு பங்கு. நான்காவதில் அதே கலவையுடன் ஒரு பிடி களிமண் தூள். எல்லாவற்றையும் ஒரே அளவு ஈரத்தில் கிட்டித்து, நடுவில் விரல் பருமனுள்ள குச்சியைச் செருகி உருவினேன். அந்தத் துளை எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் சோதனை. பாட்டில்களை ஹீட்டருக்கு அருகிலேயே வைத்தேன். சிலந்தி படும் பாட்டை மண்ணும் படட்டும் என்று.

நார்த்தூள் ஆறாம் நாள் உதிரத் தொடங்கியது. பன்னிரண்டாம் நாள் கண்ணாடிக்கும் தூளுக்கும் நடுவே இடைவெளி விட்டது. மேல்மண் துளையைக் காத்தது, ஆனால் மேலே வெடிப்பு விட்டது, அடியில் காற்றில்லாமல் புளித்த வாடை வந்தது. மூன்றாவது பாட்டில் மூன்று வாரமும் அசையவில்லை. நான்காவதில் துளை மண்பானையின் வாய்போல வழவழப்பாக நின்றது. ஆனால் முழுதும் காய்ந்தபின் கல்லாகிவிட்டது. நகத்தால் கீறவே முடியவில்லை. அடியில் எப்போதும் ஈரம் வைத்திருந்தால் அந்த நிலை வராது என்பதால், கோபால்ட் புளூவுக்கு நான்காவது கலவையையே எடுத்துக்கொண்டேன். களிமண்ணை மட்டும் அரைப்பிடியாகக் குறைத்தேன்.

ஈரம் எவ்வளவு என்பதற்கு அளவுக் கருவி எதுவும் எனக்கு உதவவில்லை. அம்மா புட்டுக்கு மாவு பிசிறுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். வளை தோண்டும் சிலந்திக்குச் சரியான பதம் அதுவே. பிழிந்தால் தண்ணீர் ஒழுகினால் அது சேறு. சிலந்தி மூச்சுவிடும் புத்தக நுரையீரல்கள் (தாள்போல அடுக்கடுக்கானவை) வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. காற்றோட்டமற்ற ஈரத் தரையில் அது படுத்துக் கிடப்பதை நான் விரும்பவில்லை.

நவம்பர் நடுவில் பெட்டிகளை மாற்றினேன். கோபால்ட் புளூவின் 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் 22 சென்டிமீட்டர் மண். மூன்று விரற்கடை போட்டு, தட்டையான அடியுள்ள டம்ளரால் திமிசுபோல இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு. ஒரு மூலையில் மெல்லிய குழாயை அடிவரை நட்டேன். தண்ணீர் அதன் வழியே கீழே போகும். மேற்பரப்பு காய்ந்தே இருக்கும். ஈரம் எங்கே வேண்டுமோ அங்கே சிலந்தியே இறங்கிக்கொள்ளும். தொடக்கத்துக்கு ஒரு துளையும், அதன் வாயில் ஒரு மரப்பட்டையும் வைத்துக்கொடுத்தேன்.

சுருள்முடிக்கு மூன்றாவது கலவை போதும். அதன் பெட்டியில் நான் திருத்தியது மண்ணின் ஆழத்தை. முன்பு ஐந்து சென்டிமீட்டர் மண்தான் இருந்தது. மூடிக்கும் மண்ணுக்கும் இடையே நிறைய வெற்றிடம். தரைவாழ் டாரன்டுலா சுவரேறி விழுந்தால் வயிறு கிழிந்து இறந்துவிடலாம். விரித்த கால்களின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி கூடாது என்பதே வளர்ப்பவர்களிடையே உள்ள கணக்கு. இப்போது 12 சென்டிமீட்டர் மண் இருக்கிறது. கூரான கற்களை எடுத்துவிட்டேன்.

கிரீன் பாட்டில் புளூவுக்கு மேல்மண்ணும் மணலும் முழுக்கக் காயவைத்துப் போட்டு, சுள்ளிகளை நட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். ஈர நார்த்தூளில் கால் வைக்கவே மறுத்தது இது. காய்ந்த மண்ணில் விட்ட மூன்றாம் இரவே சுள்ளிகளுக்கிடையே வெண்பட்டு விரித்துவிட்டது.

டிசம்பரில் ஒரு தொல்லை. தின்று மிஞ்சிய வெட்டுக்கிளிக் கால் ஒன்று கோபால்ட் புளூவின் மண்ணில் புதைந்து, வெள்ளைப் பூசணம் பூத்தது. ஸ்பிரிங்டெய்ல் எனப்படும் நுண்ணிய வெள்ளைப் பூச்சிகளை வாங்கி விட்டேன். அவை பூசணத்தைத் தின்று வாழ்பவை, சிலந்தியைத் தொடாதவை. இரண்டு வாரத்தில் மண் சுத்தமானது. இனி ஈரமான பெட்டி எதையும் அவையில்லாமல் அமைக்க மாட்டேன்.

ஜனவரியில் கோபால்ட் புளூ நான் இட்ட துளையை விட்டு, கண்ணாடியை ஒட்டித் தானே தோண்டியது. அதனால் வளையின் ஒரு பக்கம் முழுதும் எனக்குத் தெரிகிறது. 17 சென்டிமீட்டர் இறங்கி, ஈர மண் தொடங்கும் இடத்தில் வலப்புறம் திரும்பி, ஓர் அறை. சுவர் முழுதும் பட்டுப் பூச்சு. பிப்ரவரி கடைசியில் அந்த அறையில்தான் தோலுரித்தது. பழைய சட்டையை நான்கு நாள் கழித்து வாசலுக்கு வெளியே தள்ளியது. கால்கள் எட்டும் முழுமையாக இருந்தன. புதுத் தோலின் நீலத்தைச் சிவப்பு விளக்கில் பார்க்க முடியவில்லை என்பதால் விடியும்வரை காத்திருந்தேன்.

சுருள்முடியிடம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதிய மண்ணை அள்ளி அள்ளித் தண்ணீர்க் கிண்ணத்தை வாரம் இருமுறை நிரப்பிவிடுகிறது. உயரமான கிண்ணம் ஒன்றை எதிர்மூலையில் வைத்திருக்கிறேன். நேற்று இரவு அதற்குள்ளும் மூன்று உருண்டை மண் கிடந்தது.