நடுவில் இருந்த ராத்திரிச் சாப்பாடு

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் போனால் பக்கத்து சீட்டுக்காரர் முதலில் கேட்பது "மீனா தம்பி?" என்றுதான். ஆரம்பத்தில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், ரத்தம் என்றதும் ஒருவர் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார், அதன் பிறகு யார் கேட்டாலும் ஆமாம் வஞ்சிரம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இரண்டு வருஷம் அந்தப் பெட்டியோடுதான் ஓடியது.

வேலை இதுதான். எண்டோஸ்கோபி பார்த்தால் புண் இல்லை, ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று ஆகிவிடுகிறது, உப்புசம், எதுக்களிப்பு. டாக்டர்கள் இதை செயல்பாட்டு அஜீரணம் என்பார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு அக்குபங்சர் கொடுத்தால் உடம்பின் வளர்சிதை மாற்றத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். கடலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வெறும் வயிற்றில் ரத்தம், அது புதுச்சேரி லேபுக்கு, அங்கே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குள். கொஞ்சம் சேர்ந்ததும் வெளியூரில் ஒரு என்எம்ஆர் கருவிக்குப் போகும், வலுவான காந்தத்துக்குள் வைத்து எந்த மூலக்கூறு எவ்வளவு என்று காட்டுகிற கருவி. லாக்டேட், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள் என்று சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஒரு சிகரமாக எழுந்து நிற்கும் வரைபடம் திரும்பி வரும்.

வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம், "ஊசி குத்துவீங்களா, விரலால தொடுவீங்களா?" நம் பக்கம் தொடு சிகிச்சை ஹீலர்கள் அதிகம், அதனால் ஊசியைப் பார்த்ததும் பாதிப் பேர் முகம் மாறும். குத்துவது முக்கியமாக எஸ்டி 36 என்கிற புள்ளியில். முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அகலம் விட்டு, முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு விரல் தள்ளி. சீனத்தில் ஸூசான்லி. சரியாக இறங்கினால் 'மதமதன்னு இருக்கு' என்பார்கள், சிலர் 'கரண்ட் மாதிரி' என்பார்கள். இன்னொரு குழுவுக்கு அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாக ஒரு குத்து, ஒப்பிடுவதற்காக. யார் எந்தக் குழு என்பது ஊசி போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் பாடம் பஸ்ஸிலேயே கிடைத்தது. குழாயில் பிடித்த ரத்தம் சும்மா இருக்காது, சிவப்பணுக்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறையும். ஐஸ் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. அரியாங்குப்பத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்ற ஒரு நாளின் மாதிரிகள் மட்டும் 'ஆற்றல் வளர்சிதை மாற்றத்தில் தெளிவான வித்தியாசம்' காட்டின. நான் குதித்தேன். ஆராய்ச்சியை நடத்திய மேடம் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை, பஸ் டிக்கெட்டைக் கேட்டார். அடுத்த மாதமே கிளினிக்கில் ஒரு சின்ன சென்ட்ரிஃப்யூஜ் வாங்கிப் போட்டு, ரத்தம் எடுத்த உடனே குழாயைச் சுழற்றி, அணுக்கள் இல்லாத பிளாஸ்மாவைப் பிரிக்க ஆரம்பித்தோம். இன்றைக்கும் இந்தத் துறைக் கட்டுரைகளில் குளுக்கோஸ் இறங்கி லாக்டேட் ஏறியது என்று படித்தால், குழாய் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

இரண்டாவது பாடத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூரில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு அண்ணன், ஐம்பதை ஒட்டிய வயது. அவருடைய முதல் ரத்தத்தில் 1.18 பிபிஎம்மில் (வரைபடத்தில் சிகரத்தின் இடத்தைச் சொல்லும் அளவு) மூன்று முனைச் சிகரம், 3.65இல் நான்கு முனை. எத்தனால், அதாவது சாராயத்தில் இருக்கிற ஆல்கஹால். லேபில் எல்லோரும் சிரித்தார்கள், புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டினால் என்ன கிடைக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது, கேட்ட விதமும் சரியில்லை. "அண்ணே, டெஸ்டுக்கு முந்தின நாள் கொஞ்சம் போட்டீங்களா?" பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சரக்கா? ராத்திரி எனக்கு சோறே இறங்கல தம்பி. ஏழெட்டு மாசமா டீயோட படுத்துடறேன்."

அடுத்த தொகுப்பில் ஒரு வயதான அம்மாவின் மாதிரியிலும் அதே எத்தனால், அப்புறம் இன்னும் மூன்று பேரிடம். அப்போதுதான் உறைத்தது. ரத்தம் எடுக்கும் முன் தோலைத் துடைக்கிற எங்கள் ஸ்பிரிட் பாட்டில், அதில் இருப்பதும் எத்தனால்தான். என் கையிலேயே சோதித்தேன், ஒரு பக்கம் துடைத்துக் காயவிட்டு எடுத்தது, இன்னொரு பக்கம் ஈரத்தோடேயே குத்தி எடுத்தது. ஈரத்தில் எடுத்த குழாயில் சிகரம் இருந்தது. அவசரத்தில் அரை நிமிஷம் காத்திருக்காதது நான், குடிகாரன் என்று பேர் வாங்கியது அவர். மன்னிப்புக் கேட்டேன். "விடு தம்பி, வயித்தைப் பாரு" என்றார், அவ்வளவுதான்.

ஆனால் ராத்திரி சோறே இறங்கவில்லை என்று அவர் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனாலுக்கு ஒட்டினாற்போல 1.2இல் இன்னொரு இரட்டைச் சிகரம், ஹைட்ராக்ஸி பியூட்டிரேட். உடம்பு நீண்ட நேரம் பட்டினி கிடந்து கொழுப்பை எரிக்கும்போது ஏறுவது. அவருக்கு அது உயரமாக நின்றது. எங்கள் படிவத்தில் இருந்ததோ ஒரே ஒரு கட்டம், 'பத்து மணி நேரம் வெறும் வயிறு: ஆம் / இல்லை'. அவரும் ஆம், இரவு மூன்று தோசை சாப்பிட்டவரும் ஆம். இவருக்கு அது பத்து மணி நேரம் இல்லை, முந்தின நாள் மத்தியானத்திலிருந்து கிட்டத்தட்ட பதினேழு மணி நேரம்.

நான்கு வாரத்தில் 12 சிட்டிங் முடிந்தது. அந்தச் சிகரம் பாதிக்கு இறங்கியிருந்தது. அமினோ அமிலங்களும் நகர்ந்திருந்தன. ஆளுக்கொரு புள்ளியாகப் போட்ட இன்னொரு வரைபடத்தில் அவருடைய புள்ளி ஆரோக்கியமானவர்கள் கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கட்டுரை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும், ஊசியிலிருந்து மூலக்கூறுக்கு ஒரு அம்புக்குறி போட்டால் முடிந்தது. ஆனால் மனிதர் இப்போது ராத்திரி சாப்பிடுகிறாரே! சாப்பிட ஆரம்பித்தவனுக்கு பட்டினிச் சிகரம் இறங்காமல் என்ன செய்யும்? வயிறு லேசாகி, அதனால் சோறு இறங்கி, அதனால் ரத்தம் மாறியதா, அல்லது ஊசி நேராகவே எதையோ மாற்றியதா என்று எங்கள் குழாய்களால் பிரித்துச் சொல்ல முடியாது. வயிற்று நோயில் வளர்சிதை மாற்றத்தை அளக்கிறேன் என்று இறங்கும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

ஊசி வெறும் வேஷம் என்று நான் சொல்லவில்லை. 2021இல் நேச்சர் இதழில் சியூஃபு மா குழு எலிகளில் காட்டியது, பின்னங்காலில் அந்த எஸ்டி 36 பகுதியில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால் ஒரு குறிப்பிட்ட வகை நரம்புகள் வழியே மூளையிலிருந்து வயிறுவரை ஓடும் வேகஸ் நரம்பும் அட்ரீனல் சுரப்பியும் தூண்டப்பட்டு அழற்சி குறைகிறது, வயிற்றில் அதே தூண்டல் அதைச் செய்யவில்லை. 2020இல் சீனாவில் 278 பேரிடம், சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோகும் தொந்தரவுக்கு நடந்த சோதனையில் உண்மையான ஊசி வாங்கியவர்களில் 83 சதவீதம் பேர் தேறினார்கள். பொய் ஊசி வாங்கியவர்களில் 51.6. வித்தியாசம் நிஜம்தான், ஆனால் அந்த 51.6ஐ நான் லேசாகக் கடந்து போக மாட்டேன். அவர்களும் ராத்திரி சாப்பிட ஆரம்பித்திருப்பார்கள் இல்லையா.

படிவத்தை மாற்றினோம். 'நேற்று இரவு என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு' என்று ஒரு பத்தி. மேடம் அதற்கு முழுசாக சம்மதிக்கவில்லை, 'இதையெல்லாம் எப்படிய்யா எண்ணாக்குவே' என்றார். நியாயம்தான், பாதிப் பதில்கள் எண்ணுக்கு அடங்கவில்லை. 'அரை இட்லி, மீதி பேரனுக்கு.' 'தைப்பூசம், வடலூர் போயிட்டோம், தருமசாலையில் ரெண்டு தடவை.' 1867இலிருந்து அங்கே அணையாமல் எரிகிற அடுப்புக்கு என்ன கலோரிக் கணக்குப் போடுவது என்று முழித்ததுண்டு.

நான் அந்த வேலையை விடும்வரை எந்தக் குழுவில் யார் என்ற உறையைப் பிரிக்கவில்லை. ஆட்டோ அண்ணனின் கடைசிப் படிவம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, அவரே பேனாவை வாங்கி எழுதியது: 'சோறு, சங்கரா மீன் கொழம்பு. மறுசோறு வாங்கினேன். ஒம்பதரை.' கீழே இன்னொரு வரி, 'சரக்கு இல்லை.'