பெட்டிக்குள் வளரும் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

வெயில் எட்டாத அறையில் புதினாவையோ லெட்டூஸையோ வளர்ப்பதற்கு, அடிப்பகுதி 40 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு பெட்டியும், நான்கு சாதாரண வெள்ளை எல்இடி பல்புகளும் போதும் என்று நான் சொல்லும்போதெல்லாம், செடிகளுக்கென்றே விற்கப்படும், நீலமும் சிவப்பும் கலந்த ஊதா விளக்கு வேண்டாமா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. இந்த அளவுள்ள பெட்டிக்கு அது வேண்டியதில்லை.

இலையிலிருந்து பிரித்தெடுத்த பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக உறிஞ்சுகிறது என்பது உண்மைதான். ஆனால் செடி வேலை செய்வது முழு இலையாக. தாவர உடலியல் ஆய்வாளர் கீத் மெக்ரீ 22 வகைப் பயிர்களின் இலைகளை அளந்து 1972-இல் வெளியிட்ட ஆய்வு, 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி முழுவதும், பச்சை உட்பட, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவதைக் காட்டியது. வெள்ளை எல்இடி என்பது பாஸ்பர் (நீல ஒளியின் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பொருள்) பூசிய நீல எல்இடி என்பதால், இந்த நிறங்கள் யாவும் அதில் கலந்தே கிடைக்கின்றன. மின்சாரச் சிக்கனத்தில் சிவப்பு எல்இடி முந்துவதால் பெரிய பசுமைக் குடில்களுக்கு அது பொருந்தலாம். சிறிய பெட்டியிலோ, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதைக் கண்ணால் பிரித்தறிய முடியாமல் போவதே பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

பல்பின் அட்டையில் அச்சிட்டிருக்கும் லூமென் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்கு வேண்டியதோ ஃபோட்டான்களின், அதாவது ஒளித்துகள்களின், எண்ணிக்கை. அதை எண்ணும் அலகு மோல்; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். வெள்ளை எல்இடியைப் பொறுத்தவரை, 1000 லூமென் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 15 மைக்ரோமோல் ஃபோட்டான்களுக்குச் சமம் என்று கொள்ளலாம். அப்படியானால், 800 லூமென் தரும் 9 வாட் பல்புகள் நான்கிலிருந்து சுமார் 48 மைக்ரோமோல் கிடைக்கும். பெட்டியின் பரப்பு 0.16 சதுர மீட்டர். ஒன்றும் வீணாகாவிட்டால் சதுர மீட்டருக்கு வினாடிக்கு 300 மைக்ரோமோல் விழ வேண்டும். சுவரிலும் பல்பின் அடிப்பகுதியிலும் மூன்றில் ஒரு பங்கு தொலைந்தாலும் 200 எஞ்சும். அதை 16 மணி நேரம் எரியவிட்டால் ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 11.5 மோல் சேரும். லெட்டூஸுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 12 முதல் 17 மோல் என்ற வரம்பை இது ஏறக்குறைய எட்டிவிடுகிறது. மின்செலவு நாளொன்றுக்கு அரை யூனிட்டைச் சற்றே தாண்டும்.

சாதாரண பல்பு பக்கவாட்டிலும் ஒளியைச் சிதறவிடுவதால், உட்சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளை வண்ணம் பூசுவது அவசியம். அலுமினியத் தாளை ஹோல்டர்களுக்கு அருகில் ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. அது மின்சாரத்தைக் கடத்தும். கூடுதல் வெளிச்சத்துக்காகப் பல்பின் மேல்மூடியைக் கழற்றிவிடுவோரும் உண்டு. உள்ளிருக்கும் பாகங்கள் பல பல்புகளில் மின்இணைப்போடு நேரடியாகத் தொடர்புடையவை என்பதாலும், பெட்டிக்குள் எப்போதும் ஈரம் இருக்கும் என்பதாலும், அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடலாம். காற்றுதான் கவனம் கேட்கும். பல்புகள் எடுத்துக்கொள்ளும் 36 வாட்டும் கடைசியில் பெட்டிக்குள் வெப்பமாகவே முடிகிறது. மூடிய பெட்டியில் செடிகள் கார்பன் டை ஆக்சைடையும் விரைவில் குறைத்துவிடும். ஆகவே மேற்புறத்தில் காற்றை வெளியேற்றும் ஒரு கணினி மின்விசிறியும், கீழே காற்று நுழைய ஒரு துளையும் வேண்டும். லெட்டூஸின் இளந்தளிர்களின் ஓரம் கருகினால் பலரும் உரத்தைச் சந்தேகிக்கிறார்கள். காற்று அசையாத இடத்தில் இலையிலிருந்து நீர் ஆவியாவது குறைகிறது. நீரோடு சேர்ந்து வர வேண்டிய கால்சியம் தளிரைச் சென்றடைவதில்லை. மண்ணில் கால்சியம் போதிய அளவு இருக்கும்போதே இது நேரும் என்பதால், உரம் போடுவதற்கு முன் மின்விசிறியைப் பார்க்க வேண்டும்.

தக்காளியை இந்தப் பெட்டியில் முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காய்ப்பதற்கு அது நாளொன்றுக்கு 20 மோலுக்கு மேல் கேட்கும். பல்புகளை இரட்டிப்பாக்கினால் வெப்பமும் 72 வாட்டாகும், செடியின் உச்சியோ அதற்குள் பல்பைத் தொட்டிருக்கும்.