நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்

பொறியியல் கலந்தாய்வு என்றாலே எல்லோரும் பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்து 200-க்குக் கணக்கிடும் கட்ஆஃப் 190, 195 பற்றித்தான் பேசுவார்கள். உதவி மையத்தில் உட்கார்ந்து சான்றிதழ் சரிபார்க்கும் எங்களுக்கு அந்தப் பிள்ளைகளால் வேலையே இல்லை. எல்லாம் ஒழுங்காகப் பதிவேற்றி இருப்பார்கள், பார்த்ததும் ஒப்புதல் கொடுத்துவிடலாம். நாளெல்லாம் விழுங்குவது தகுதி மதிப்பெண்ணின் விளிம்பில் நிற்கும் விண்ணப்பங்கள்.

கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்குச் சராசரி 45 சதவீதம் வேண்டும். பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கு 40. அதாவது 300-க்கு 135, அல்லது 120. முழுமையாக்கிக் கொள்ளும் பேச்சே கிடையாது. பொதுப்பிரிவில் 134 வாங்கியவருக்கு 44.67 வரும், அவர் வெளியே. இதில் எங்கள் கருணைக்கோ கறார்த்தனத்துக்கோ இடமில்லை. மறுமதிப்பீட்டில் ஒரு மார்க் கூடினால்தான் உண்டு.

ஆனால் 126 மார்க் வாங்கிய ஒரு பிசி மாணவர் விஷயம் வேறு. சாதிச் சான்றிதழ் சரியாக இருந்தால் அவர் தகுதி பெற்றவர். அதே இடத்தில் மங்கலான செல்ஃபோன் படமோ, ஒன்றிய அரசு வேலைக்காக வாங்கிய ஓபிசி சான்றிதழோ இருந்தால் கணக்கில் அவர் பொதுப்பிரிவு. பொதுப்பிரிவில் 42 சதவீதம் செல்லாது. ஆக, அந்தப் பிள்ளை இன்ஜினியரிங் படிப்பதும் படிக்காததும் ஒரு படக்கோப்பின் தெளிவில் தொங்குகிறது. நல்ல ரேங்க் வாங்கியவருக்கும் இதே தவறு நடக்கலாம். அவருக்கு அதிகபட்சம் இடம் கொஞ்சம் மாறும். விளிம்பில் இருப்பவருக்குக் கதவே மூடிவிடும்.

'திருத்தம் தேவை' என்று குறித்துத் திருப்பி அனுப்புவதோடு எங்கள் கடமை முடிகிறது என்று சொல்லும் சக ஆசிரியர்கள் உண்டு. விதிப்படி சரிதான். ஆனால் அந்தக் குறுஞ்செய்தி யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டாமா? பல விண்ணப்பங்களில் இருப்பது பிரௌசிங் சென்டர்காரரின் நம்பர். ஓடிபி வாங்க வசதியாக அவரே தன் எண்ணைப் போட்டிருப்பார். கூப்பிட்டால், "எந்தப் பையன் சார்? நிறைய பேருக்குப் போட்டுக் கொடுத்தேனே" என்பார். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்து, வகுப்பாசிரியரைப் பிடித்து, அவர் வழியாக அப்பாவின் எண் கிடைக்கும். அப்பா திருப்பூரில் ஷிப்டில் இருப்பார், சாயங்காலம்தான் எடுப்பார். இதை யாரும் வேலைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் சரிபார்ப்பில் பாதி வேலை இதுதான்.

இருப்பிடச் சான்று இன்னொரு தலைவலி. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு அது தேவையில்லை. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதால் ஒன்பதாம் வகுப்பை மட்டும் அங்கே படித்த பெண்ணுக்குத் தேவை. அவர்களிடம் போய் விதியை மட்டும் வாசிப்பதில் பயனில்லை. இ-சேவை மையத்தில் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தால்தான் காரியம் நடக்கும்.

இத்தனைக்கும் நடுவில், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கணினி ஒதுக்கும் ரேண்டம் நம்பர் குறைவாக வந்துவிட்டதே என்று கவலையோடு விசாரிக்கும் பெற்றோரும் வருவார்கள். கட்ஆஃப், பாட மதிப்பெண்கள், பத்தாம் வகுப்பு மார்க், பிறந்த தேதி வரை எல்லாம் சமமானால்தான் அந்த எண்ணுக்கே வேலை. டீ குடித்துவிட்டு நிம்மதியாகப் போங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

எனக்குச் சொல்லவே கஷ்டமாக இருப்பது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டின் விளிம்புதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி அதில் சேராது. ஒரு பையன் ஆறாம் வகுப்பு மட்டும் ஊர் பக்கத்து உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தான். சத்துணவு, இலவசப் புத்தகம் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அவன் அம்மாவுக்கு அது 'கவர்மெண்ட் ஸ்கூல்'. தலைமையாசிரியர் எழுதிய ஆண்டுவாரியான சான்றில் பள்ளியின் பெயரைப் பார்த்ததும் அந்த ஒதுக்கீட்டை நீக்கத்தான் வேண்டியிருந்தது. கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கும் வாய்ப்பு போயிற்று. அவர்கள் வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்பது பேச்சில்தான் தெரிந்தது. முதல் பட்டதாரி சான்றிதழை யாரும் சொல்லாததால் வாங்கவே இல்லை. சரிபார்ப்பு முடியும் முன் வாங்கிப் பதிவேற்ற வைத்தோம். கல்விக் கட்டணத்தில் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் சலுகையோடு பக்கத்து மாவட்டக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் எடுத்தான்.